மலரக்காவின் நிழல் உட்கார்ந்த இடம்

நின்றுகொண்டே இருக்கிற பெண்ணுக்குப் பதிலாக ஒருநாள் ஏதோ ஒன்று உட்கார்ந்துவிடும் என்று ஹெட்விக் அம்மா சொல்லுவார். அந்த ஏதோ ஒன்று காலமா, கடவுளா, முழங்கால் எலும்பா என்பது மட்டும் எனக்கு இப்போது நினைவில்லை. அவர் சொன்னது ஜெர்மனில், அதுவும் நிலக்கரி தோண்டியவர்களின் பேச்சு கலந்த ஜெர்மனில், கட்டுப்பல்லுக்கு இடையில் சிகரெட்டைக் கடித்துக்கொண்டு. அதில் பாதி எனக்கு அப்போதே விளங்கியிருக்காது. ஹெட்விக் அம்மா, சுரங்கத் தூசியில் நெஞ்சு அடைத்துச் செத்துப்போன ஒருவரின் மனைவி. பிள்ளைகளை வளர்த்து, புருஷனின் நோயைப் பார்த்து, மாமியாரைக் குளிப்பாட்டி முடிந்தபோது அவருக்கென்று மிஞ்சிய ஓய்வூதியம் வாடகையோடு தீர்ந்துவிடும் என்பதால், உதட்டுக்குச் சாயம் பூசி, இருக்கிற ஒரே நல்ல கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பூங்காவில் உலாவப் போகிறவர் போலப் போய், குப்பைத் தொட்டிகளில் வெறும் போத்தல் பொறுக்கிக் கடையில் திருப்பிக் கொடுப்பார். அவர் தள்ளிக்கொண்டு போகும் நடைவண்டியில் ஒரு சின்ன இருக்கை உண்டு. எங்கள் தெருப் பெண்களில் தனக்கென்று ஓர் இருக்கையோடு வெளியே போனவர் அவர் ஒருவர்தான்.

அதே குடியிருப்பின் மூன்றாம் மாடியில் மலரக்கா இருந்தார். முழுப்பெயர் தவமலர். அகதியாக வந்த முதல் வருடம் பதிவு அலுவலக வரிசையில் நின்றார், பிறகு ஒரு இத்தாலியன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவி நின்றார், பிறகு அலுவலகக் கட்டடங்களில் படி துடைத்து நின்றார், வெள்ளிக்கிழமைகளில் கோயில் மடைப்பள்ளியில் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றார். எல்லாம் சின்னச் சின்ன வேலைகள், காலையில் இங்கே கொஞ்சம், பின்னேரம் அங்கே கொஞ்சம், ஓய்வூதியத்துக்கு ஒன்றும் சேராத வேலைகள். "ரெண்டு பேருக்கும் என்ர பென்ஷன் போதுமப்பா," என்று புருஷன் குணநாயகம் சொல்லியிருந்தார். குழாய் செய்யும் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு கோயில் பரிபாலன சபையின் தலைவராக உட்கார்ந்தார்.

எங்கள் பஸ் தரிப்பில் முன்பு உட்கார ஒரு நீள வாங்கு கிடந்தது. இரவில் குடிகாரர்கள் அதில் படுக்கிறார்கள் என்று நகரசபை அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு விடியற்காலைப் பஸ்ஸுக்கு வருகிறவர்கள், அதாவது படி துடைக்கப் போகிற பெண்கள், கிழவர்களைப் பராமரிக்கப் போகிற பெண்கள், பேக்கரிக் கதவு திறக்கப் போகிற பெண்கள், எல்லோரும் மூடிய சுரங்கத்தின் செங்கல் மதிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

சித்திரை மாதத்தில் ஒரு காலை வெயில் மதிலில் விழுந்தது, வெயிலில் மலரக்காவின் நிழல் விழுந்தது, விழுந்த நிழல் கொஞ்ச நேரம் அவரைப் போலவே ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றது, பிறகு முதுகை மதிலில் சாய்த்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கி, காலை நீட்டி, கையைப் பின்னால் ஊன்றி, ஊரில் பெரியவர்களுக்கு முன்னால் எந்தப் பெண்ணும் உட்காராத மாதிரி சாவகாசமாக உட்கார்ந்தது. பஸ் வந்தது. மலரக்கா வாளியையும் கையுறைப் பையையும் தூக்கிக்கொண்டு ஏறினார். நிழல் ஏறவில்லை.

மதியம் திரும்பி வந்தபோதும் நிழல் அங்கேதான் இருந்தது. வெயில் திசை மாறி மற்ற நிழல்கள் எல்லாம் மறுபக்கம் போய்விட்டன, அது அசையவில்லை. கூட வேலை செய்கிற துருக்கிக்காரி நூர்டன்தான் அதை முதலில் கண்டு சொன்னவள்.

"உன்னுடையதா?"

"என்னுடையதுதான். காலையில் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை."

"வராமல் இருக்கட்டும். எங்களில் ஒருத்தியாவது உட்கார்ந்தாளே." நூர்டன் குடிக்காமல் மிச்சம் வைத்திருந்த தேத்தண்ணியை நிழலின் கைப்பக்கமாக மதிலோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இப்படித்தான் அது எங்கள் தெருவுக்குள் வந்தது. மதிலைக் கடக்கிறவர்கள் நிழலின் நீட்டிய காலை மிதிக்காமல் கொஞ்சம் விலகி நடக்கப் பழகினார்கள். ஹெட்விக் அம்மா நடைவண்டியை அதற்குப் பக்கத்தில் நிறுத்தி, இருக்கையில் அமர்ந்து, மழை பற்றியும் மூட்டுவலி பற்றியும் அதனோடு கதைத்தார். நாய்கள் அதைக் கண்டு குரைக்கவில்லை. நகரசபை ஒருவனை வெள்ளை அடிக்க அனுப்பியது. அவன் அடித்தான், நிழல் வெள்ளைக்கு மேலே வந்து உட்கார்ந்தது. அவன் இன்னொரு தரம் அடித்துவிட்டு, என் அம்மாவும் இப்படித்தான், ஒரு தரம் முடிவெடுத்தால் எடுத்ததுதான் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டான். கோடை வந்தபோது நூர்டனின் நிழலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தது. பிறகு சூப்பர் மார்க்கெட்டில் காசு வாங்கும் பெண்ணின் நிழல், பிறகு போலந்திலிருந்து வந்து ஒரு கிழவரைத் தூக்கிப் படுக்கவைத்துப் பராமரித்துக்கொண்டிருந்த பெண்ணின் நிழல், அப்படியே மதில் நிறைந்துபோயிற்று. விடியற்காலையில் பார்த்தால் மதிலில் பெண்கள் வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு முன்னால் அதே பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருப்பார்கள். நகரசபைக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் சுவரோவியம் அழகாக இருக்கிறது, வரைந்தது யார் என்று கேட்டார். வாங்கைத் திருப்பிப் போடலாமா என்பது பற்றி ஆராய ஒரு குழு போடப்பட்டது.

தமிழ் ஆட்களுக்குச் செய்தி வேறு வழியாக வந்து சேர்ந்தது. எங்கள் கோயில் ஒரு பழைய டயர்க் களஞ்சியத்தில் இருந்தது. ஆடிப் பூரத்தன்று அதன் முற்றத்தில், உச்சி சாய்ந்த வெயிலில், மலரக்கா மோர்ப் பந்தலுக்குத் தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டு நடக்க, சபைச் செயலாளர் விமலேந்திரன் நிலத்தைப் பார்த்தார். வாளியின் நிழல் தனியாக நடந்துபோய்க்கொண்டிருந்தது.

"தலைவர், இஞ்ச வாங்கோ. அக்காவுக்கு நிழல் விழேல்லை."

குணநாயகம் வந்து பார்த்தார். "கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுப் பாரும்."

"துடைச்சிட்டன். தேவர்களுக்குத்தான் நிழல் விழாது. சமய பாடத்தில படிச்சனாங்கள்."

"பேய்க்கும் விழாதுதானே," என்றார் பொருளாளர். அவருக்கும் செயலாளருக்கும் தேர் வாங்கிய காலத்திலிருந்தே ஆகாது.

"பேய் எண்டால் கால் நிலத்தில படாது. அக்காவின்ர காலைப் பாரும், பித்தவெடிப்பு."

"தேவர்களுக்கும் கால் நிலத்தில படாதெண்டுதான் நானும் படிச்சனான்."

"அது அந்தக் காலத்துத் தேவர்கள் காணும்," என்றார் செயலாளர். "இது ஜெர்மனி. இஞ்ச நடந்துதான் ஆகோணும்."

பொதுக்கூட்டம் கூட்டினார்கள். வாக்கெடுத்தார்கள். மலரக்காவுக்கு அம்பாள் இறங்கியிருக்கிறாள் என்ற கட்சி வென்றது. தோற்ற கட்சி வேறு கோயில் தொடங்குவதற்கு இடம் பார்க்கப் போனது. அந்தக் கூட்டம் முடியும்வரை மலரக்கா குசினியில் எல்லோருக்கும் வடை சுட்டுக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போகும் வழியில் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புருஷனிடம் சொன்னார்:

"எனக்கு அருள் ஒண்டும் வரேல்லை. நாரிதான் நோகுது."

"நீர் ஒண்டும் கதையாதையும். சனம் நம்புது."

அடுத்த வெள்ளி, கலியாணங்களுக்கு வாடகைக்கு விடும் மணவறைக் கதிரையைக் கொண்டுவந்து, பட்டு விரித்து, மலரக்காவுக்குக் காஞ்சிபுரம் உடுத்தி, மாலை போட்டு இருத்தினார்கள். அவரும் உட்கார்ந்தார். வாழ்க்கையில் இப்படி மெத்தென்ற ஒன்றில் முதுகு படுவது எப்படி இருக்கும் என்று அவர் யோசிக்கத் தொடங்கும்போது, மடைப்பள்ளியிலிருந்து ஒருத்தி ஓடிவந்து, "அம்மா தாயே, பொங்கல் புக்கைக்குச் சக்கரை போதுமோ எண்டு ஒருக்கா வந்து பாருங்கோ," என்றாள். மலரக்கா மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தால் வரிசை நின்றது. மகனுக்கு விசா கிடைக்குமா, மகள் வெள்ளைக்காரப் பெடியனை விடுவாளா, சலரோகத்தில் சீனி இறங்குமா. மலரக்கா ஒவ்வொருவருக்கும் தலையைத் தடவி, எல்லாம் சரிவரும் பிள்ளை, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ என்று சொன்னார். எல்லோரும் போன பிறகு, மண்டபம் கழுவுவது அவருடைய முறையாக இருந்தபடியால், காஞ்சிபுரத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபத்தைக் கழுவினார். அப்படியாக அவருக்கு இருந்த வேலைகளோடு தெய்வமாக இருக்கிற வேலையும் சேர்ந்தது.

இலையுதிர் காலத்தில்தான் மற்றது தொடங்கியது. முதலில் சூப்பர் மார்க்கெட்டின் தானாகத் திறக்கும் கதவு அவருக்குத் திறக்கவில்லை. யாராவது வரும்வரை நின்று, அவர்களுக்குப் பின்னால் நுழைந்தார். பிறகு ஆள் நடமாட்டம் கண்டால் எரிகிற அலுவலக விளக்குகள் அவருக்கு எரியவில்லை. இருட்டிலே படி துடைத்தார். மேற்பார்வையாளர் மின்சாரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். பிறகு பஸ் சாரதி அவரை ஏற்றாமல் போகத் தொடங்கினான், நூர்டன் கையை நீட்டி மறித்து, இங்கே ஒருத்தி நிற்கிறாள், உனக்குக் கண் எங்கே என்று கத்தினால்தான் நிற்பான். நூர்டனுக்கு விரல் நுனிகள் மட்டும் மங்கியிருந்தன. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கதிரையைக் கொண்டுபோய்த் தன் நிழலுக்குப் பக்கத்தில் போட்டு, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு பின்னேரம்வரை உட்கார்ந்திருப்பாள். மலரக்காவுக்கு ஞாயிறும் கோயில் இருந்தது.

வீட்டில் குணநாயகம் அதைக் கவனிக்கக் கொஞ்ச காலம் எடுத்தது. அவர் முன்னால் தேத்தண்ணி வந்தது, சோறு வந்தது, மருந்துக் குளிசை வந்தது. எப்போதும் வருவது போல வந்தது. ஒருநாள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "இஞ்சேரும், எங்க நிக்கிறீர்?" என்று கூப்பிட்டார்.

"உங்களுக்குப் பக்கத்திலதான் நிக்கிறன்."

அவர் திரும்பிப் பார்த்தார். குரல் வந்த இடத்தில் யன்னல் சீலை தெரிந்தது, அதற்கு முன்னால், கழுவிய கண்ணாடிக் குவளையில் ஒட்டிய நீரைப் போல, மலரக்கா கொஞ்சமாகத் தெரிந்தார்.

தை மாதத்தில் அவர்கள் ஊருக்குப் போவதாக இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரேயடியாக. குணநாயகத்தின் தகப்பன் வழிக் காணியில் வீடு கட்டி முடிந்து, வாசலில் 'குணநாயகம் இல்லம்' என்று கல் பதித்து, குடிபூரலுக்கு நாளும் வைத்தாகிவிட்டது. அந்த வீட்டின் தரைக்கல் எல்லாம் மலரக்கா துடைத்த படிகள்தான் என்று நூர்டன் சொல்லுவாள். குணநாயகத்துக்கு அந்த வீட்டைத் தவிர வேறு கனவு இருக்கவில்லை. இரவில் நித்திரை வராவிட்டால் அவர் மனதுக்குள் அதன் ஒவ்வொரு அறையாகப் போய் யன்னல்களைத் திறப்பார். பயணத்துக்கு மலரக்காவின் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ரயில் நிலையத்தில் தானே படம் எடுக்கும் கூண்டுக்குள் அவரை இருத்திவிட்டுக் குணநாயகம் வெளியே நின்றார். படம் வந்தது. வெள்ளைத் திரையும், காற்றில் தொங்குகிற இரண்டு தோடுகளும்.

அவர் படத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பஸ் தரிப்புக்குப் போனார். மலரக்காவின் நிழலை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எல்லோரும் போய்ப் பார்த்த நிழல். தலைவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மதிலில் அது வேறெந்த நிழலையும்விடக் கறுப்பாக, கொழுத்து, நன்றாக நித்திரை கொண்டு எழும்பியவளைப் போலச் செழிப்பாக உட்கார்ந்திருந்தது. கொண்டையை அவிழ்த்து விட்டிருந்தது. இந்தப் பெண்ணைத் தான் ஒருநாளும் கண்டதில்லையே என்று அவருக்குப் பட்டது.

"இஞ்சேரும்," என்றார். "எழும்பும்."

நிழல் எழும்பவில்லை.

"உம்மைத்தான். தையில குடிபூரல். ஐயருக்கும் சொல்லியாச்சு."

நிழல் காலை மாற்றிப் போட்டது.

பக்கத்தில் நடைவண்டி இருக்கையில் அமர்ந்திருந்த ஹெட்விக் அம்மா சிகரெட்டை எடுத்துவிட்டு, "அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்," என்றார்.

வேலைக்குப் போக நின்ற நூர்டன், "தயவுசெய்து என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், தலைவரே. இலவசம்தானே," என்றாள்.

குணநாயகம் யோசித்தார். தமிழில் மனைவியிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லாததால் ஜெர்மனில் சொன்னார். நிழல் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. நிழலுக்கு முகம் இல்லை, ஆனாலும் பார்த்தது. பிறகு திரும்பிக்கொண்டது.

அன்று மதியம் சோறு வந்து மேசையில் உட்கார்ந்தது. குணநாயகம் கை வைக்கவில்லை.

"நீர் எப்ப சாப்பிடுறனீர்?"

"இதென்ன கேள்வி? நீங்க சாப்பிட்டாப் பிறகு."

"எங்க குந்தியிருந்து?"

அந்தரத்தில் ஒரு அகப்பை நின்றது. மலரக்கா யோசிக்கிறார் என்று அதை வைத்துத்தான் தெரிந்தது. "இருந்தெண்டு இல்லை. கழுவிற தொட்டிக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு. கோப்பையும் கையோட கழுவிப்போடலாம்."

"அப்ப அந்தக் கதிரை?"

மேசைக்கு நான்கு கதிரைகள் இருந்தன. பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போன பிறகு இரண்டு சுவரோடு கிடந்தன. நான்காவதில் அவருடைய சேட்டுகள் கழுவி மடித்து அடுக்கியிருந்தன. அந்தக் கதிரையில் எப்போதும் சேட்டுகள்தான் இருந்தன, இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து. அது எந்த நிறக் கதிரை என்பது கூட அவருக்குத் தெரியாது.

"நிழல் எப்பத்தான் எழும்புமாம்?"

"கேட்டனான். நான் நிண்ட அளவுக்குத் தானும் குந்தியிருக்கப் போறதாம்."

அவர் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். பதிவு அலுவலகத்தில் தொடங்கி இத்தாலியன் குசினிவரை போய், அதற்கு மேல் போகப் பயந்து நிறுத்தினார்.

"வேற வழி இல்லையோ?"

"நான் வந்து பக்கத்தில இருந்தா யோசிக்குமாம். தனிய இருந்து அதுக்கும் அலுத்துப் போச்சாம். நூர்டனின்ர நிழல் ஞாயிற்றுக்கிழமையில கதைச்சுச் சிரிக்கேக்க பாக்க ஆசையாய் இருக்காம்."

"அப்ப போய் இருமன்."

"போகலாம்." அகப்பை கறிச் சட்டிக்குள் போனது. "படியை ஆர் துடைக்கிறது? கோயில் மண்டபத்தை ஆர் கழுவிறது? உங்களுக்கு ஆர் சமைக்கிறது? ஊருக்குப் போனாப் போல அங்க பெரிய முற்றம், அதை ஆர் கூட்டிறது?" குரலில் கோபம் இல்லை. மரக்கறிக்காரனிடம் விலை கேட்கிற மாதிரி, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். "நீங்க தனிய எண்டாலும் போட்டு வாங்கோ. கட்டின வீடு. ஆசைப்பட்டனீங்கள். நான் இஞ்ச இப்பிடியே இருப்பன். ஆருக்கும் பாரமாய்த் தெரியமாட்டன்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அகப்பையும் மங்கியது.

குணநாயகம் எழும்பி, குரல் இருந்த இடத்துக்குக் கையை நீட்டினார். தோள் தட்டுப்பட்டது. கையைக் கீழே விட்டபோது விரல்கள் தட்டுப்பட்டன, சவர்க்காரத் தண்ணீரில் ஊறி ஊறி மரத்துப்போன, கரடுமுரடான விரல்கள். கலியாணத்தில் பிடித்த கை வேறு மாதிரி இருந்ததாக அவருக்கு ஞாபகம். தெரியாததைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்ற பயத்தில் அவர் இறுக்கிப் பிடித்தார்.

"விடுங்கோ, சோறு ஆறப் போகுது," என்றார் மலரக்கா. ஆனால் கையை இழுக்கவில்லை.

மார்கழி வந்தது, பனி விழுந்தது, மதிலில் இருந்த பெண்கள்மேல் மட்டும் அது ஒட்டவில்லை. ஒரு திங்கட்கிழமைக் காலை குணநாயகம் சேட்டுகளை எடுத்துக் கட்டிலில் போட்டார். கதிரை பச்சை நிறமாக இருந்தது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் தெரியாத கை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கம்பளியும் தேத்தண்ணியும் வைத்த வாளியும் கையுறைப் பையும் பக்கத்தில் மிதந்துவர, மூன்று மாடி இறங்கி, பனியில் சறுக்காமல் மெதுவாக நடந்து, பஸ் தரிப்புக்குக் கொண்டுவந்து, மதிலோரம் நிழலுக்குப் பக்கத்தில் போட்டார். கம்பளியை விரித்தார். தேத்தண்ணிப் போத்தலைக் காலடியில் வைத்தார். வழியில் கண்ட செயலாளர் விமலேந்திரன், "தலைவர், இண்டைக்கு அம்மாவுக்கு இஞ்சையோ பூசை?" என்று கேட்டதற்கு, "இண்டைக்கு லீவு," என்றார். நூர்டன் விதைப் பொட்டலத்தை நீட்டினாள். ஹெட்விக் அம்மா நடைவண்டியைக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

கதிரை மெல்லக் கிறீச்சிட்டது. கம்பளி ஒரு பெண்ணின் வடிவத்துக்கு மடிந்தது. மதிலில் நிழல் நீட்டியிருந்த காலை மடக்கி, கொஞ்சம் ஒதுங்கி, அவருக்கு இடம் கொடுத்தது.

"கால் குளிருதோ?" என்று கேட்டார் குணநாயகம்.

"இல்லை," என்றார் மலரக்கா. பிறகு, "இப்பிடி இருக்கிறது நல்லாத்தான் இருக்கு," என்றார். கம்பளிக்கு மேலே, மங்கலாக, அவருடைய நெற்றியும் அதில் பனியில் கரைந்த குங்குமமும் தெரிந்தன.

பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பியது. குணநாயகம் தன் மேற்சட்டைப் பையிலிருந்த விமான டிக்கெட்டை நான்காக மடித்து, ஆடிய கதிரைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். பிறகு வாளியையும் கையுறைப் பையையும் எடுத்துக்கொண்டு படி துடைக்கப் போகிற பஸ்ஸில் ஏறினார்.